இரண்டு மணிக்கு நான் தூங்கிவிட்டேன்

எனக்குத் தூக்கம் வராது என்பது எங்கள் ஜெபக்குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வியாதி என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. வயதானால் தூக்கம் குறையும் என்பார்கள், அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டிருந்தேன். ஆனால் தூக்கம் குறைந்ததோடு அது நிற்கவில்லை. விளக்குப் போடுகிற நேரம் ஆனால் வயிற்றுக்குள் ஏதோ நடுங்கும். மகன் ஹெப்பகோடிக்குக் கம்பெனி வேலைக்கு வண்டியில் போய் வருகிறான். அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும், நாளைக்கு அவன் போகப் போகிற ரோட்டை நினைத்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேஸை மூடினேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து படுத்தால், சரியாகத்தான் பார்த்தேனா என்று இருக்கும். வீட்டுக்காரர் தவறிப் போனதிலிருந்து இப்படி.

நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். யாருக்காவது பெரிய கஷ்டம் வந்தால் எங்கள் குழுவில் சங்கிலி ஜெபம் வைப்பது வழக்கம். ராத்திரியை மணி மணியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு மணி நேரம் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். ஒருவர் முடித்ததும் போனில் குழுவுக்குள் கைகூப்புகிற பொம்மையை அழுத்துவார். அடுத்தவர் தொடங்குவார். நடுவில் அறுந்துபோகக் கூடாது. பத்து மணி, பதினோரு மணிக்கெல்லாம் ஆள் உடனே கிடைத்துவிடும். இரண்டு மணிதான் யாரும் எடுக்காமல் நிற்கும்.

குழுவை நடத்துகிறவர் ரிட்டயரான டீச்சர். ஒரு தடவை எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்க எப்படியும் முழிச்சுத்தானே இருக்கீங்க. அந்த ரெண்டு மணியை உங்களுக்குன்னே கர்த்தர் வெச்சிருக்காரு" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அன்றிலிருந்து இரண்டு மணி என்னுடையது.

எனக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. கூட்டத்தில் என் முறை வந்தால் ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவேன். ஐந்தாவது வரை படித்தவளுக்கு மற்றவர்கள் மாதிரி வசனம் கோத்துப் பேச எங்கே வரும்? பின் வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் என் இடம். ஆனால் இரண்டு மணி என்றால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஒரு நாள் ரசத்துக்குத் தாளிக்க எண்ணெய் காய வைத்துவிட்டு, நின்றபடியே கண் அசந்துவிட்டேன். முந்தானை அடுப்பின் மேல் போயிருக்கிறது. மருமகள் பார்த்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"அத்தை, நாளைக்கு லீவு போடுறேன். டாக்டர்கிட்ட போறோம்."

"எனக்கு என்னம்மா, சுகர் கூட இல்லையே."

"சுகர் டாக்டர் இல்ல. தூக்கத்துக்கு."

போன இடம் பெரிய ஆஸ்பத்திரி. கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதின போர்டு. படிக்கத் தெரியாததால் தைரியமாக உள்ளே போய்விட்டேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு பையன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மருமகள் காதில், "இது பைத்தியத்துக்குப் பார்க்கிற இடமாம்மா?" என்றேன்.

"ஆமா. நானும் கூடத்தானே வந்திருக்கேன். ரெண்டு பேரையும் சேர்த்தே பார்க்கட்டும்."

டாக்டர் சின்னப் பெண். ராத்திரியில் என்ன செய்வீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். நான் ஜெபம் என்றேன். சிரிப்பாரோ என்று பயந்தேன், சிரிக்கவில்லை. யாருக்காக, எவ்வளவு நேரம், முடித்த பிறகு மனசு லேசாகிறதா, இல்லை இன்னும் பாரமாகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியை அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. பாரமாகத்தான் ஆகும். ஊராருடைய ஆபரேஷனையும் கடனையும் பிள்ளைப்பேற்றையும் எனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு விடியும்வரை கிடப்பேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

இது பயத்தினால் வருகிற வியாதி, மருந்து இருக்கிறது என்றார். ஒரு சின்ன மாத்திரை எழுதினார். உடனே கேட்காது, சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். அதோடு சில பழக்கங்களும் சொன்னார். தூக்கம் கண்ணைச் சொருகினால்தான் படுக்க வேண்டும். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். பகலில் சாயக் கூடாது. கவலைப்பட வேண்டியதை எல்லாம் சாயங்காலமே நாற்காலியில் உட்கார்ந்து பட்டுவிட வேண்டும். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, ஜெபம் சாயங்காலம் பண்ணுங்கோ. தேவருக்கு அப்பவும் கேக்கும்" என்றார்.

நான் தலையாட்டினேன். சங்கிலியைப் பற்றி அவரிடம் முழுவதும் சொல்லவில்லை.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் மோசமாகத்தான் இருந்தது. பகலில் சாயாமல் இருப்பதற்காக மருமகள் என்னிடம் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை உரிக்கக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போவாள். மெல்ல மெல்ல சாயங்கால நடுக்கம் குறைந்தது. கேஸை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று ஆனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவிலேயே ஜாக்கெட் தைக்கிற பெண்ணின் வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள், என்னை அக்கா என்பாள். குழுவில் சங்கிலி வைத்தோம். அவள் பகலெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்துவிட்டு ராத்திரி பிள்ளைகளுக்காக வீட்டுக்கு வருவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, ரெண்டு மணிக்கு நீங்க முழிச்சிருக்கீங்கன்னு நெனச்சாத்தான் நான் கண்ணை மூடுறேன்."

அந்த வாரம்தான் எனக்குத் தூக்கம் வந்தது. எப்போதும் முழித்தே கிடந்தவளுக்கு அலாரம் எதற்கு, போனில் அதை வைக்கவும் தெரியாது. கண் விழித்தபோது வெளியே பால்காரர் பாக்கெட்டுகளைப் போடுகிற சத்தம். எத்தனை வருஷம் கழித்து அப்படி ஒரு விடியல்! உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. கர்த்தரே நன்றி என்று எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முந்தினவரின் கைகூப்பு இருந்தது, பிந்தினவருடையதும் இருந்தது. என்னுடையது மட்டும் இல்லை. நான் அழுத்திவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. காலையில் எழுந்ததும் அவள் போனில் அதைத்தான் முதலில் தேடுவாள் என்று தோன்றியது, விரல் போய்விட்டது.

மறுநாளும் அப்படியே தூங்கினேன், அப்படியே அழுத்தினேன். அதற்கடுத்த நாளிலிருந்து மாத்திரையை விழுங்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். நிறுத்தினால் முழிப்பு திரும்பி வரும், என் மணியும் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டேன். திரும்பி வந்தது நடுக்கம்தான். தலை சுற்றியது, நெஞ்சு பழையபடி அடித்தது. துவைக்கப் போட்ட சேலையில் மருமகள் மாத்திரைகளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எதுக்கு அத்தை?"

"அங்க அவ புருஷன் உயிருக்குப் போராடிக்கிட்டுக் கிடக்கிறான். நான் நல்லாத் தூங்குறது பாவமில்லையா?"

"நீங்க தூங்காம இருந்த இத்தனை வருஷத்துல எத்தனை பேரைப் பிழைக்க வெச்சீங்க? கணக்குச் சொல்லுங்க பார்ப்போம்." சொன்னவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பாச் சொல்லிட்டேன். ஆனா மாத்திரையைப் போடுங்க. அவங்ககிட்ட நேராச் சொல்லிடுங்க, முடியலன்னு. வேற யாராவது எடுத்துக்குவாங்க."

மாத்திரையைப் போட்டேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்றைக்கு அவள் களைத்திருக்கிறாள், நாளைக்கு ஸ்கேன் இருக்கிறதாம், இப்படியே தள்ளினேன். காலையில் பொம்மையை மட்டும் தவறாமல் அழுத்தினேன்.

அவள் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் வரவில்லை, பேச்சு குழறுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று அவள் வீட்டுக்குப் போனேன். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழி விழுந்திருந்தது.

"ஒன்னு சொல்லணும். நான் அந்த ரெண்டு மணிக்கு..."

"தூங்கிட்டீங்க" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அக்கா, அந்தப் பொம்மைக்குக் கீழ மணி போட்டிருக்கும். அஞ்சே முக்கால்னு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவ்வளவு பொடியாக ஏதோ இருக்கும், அதை நான் பார்த்ததே இல்லை.

"முதல் நாளே பார்த்தேன். ஒரு நாள்தானேன்னு விட்டேன். மறுநாளும் அஞ்சே முக்கால். அப்புறம் தினமும் நானே ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். சங்கிலி அறக் கூடாதுல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"எப்படிக் கேக்கிறது? கூட்டத்துல ஸ்தோத்திரம் சொல்றதுக்கே அந்தக் கூச்சம் கூசுவீங்க. அதோட உங்க மூஞ்சி தெளிஞ்சிருந்துச்சு. எத்தனை வருஷமாப் பார்க்கிறேன், அப்படி ஒரு நாள் பார்த்ததில்ல." நூலைப் பல்லால் கடித்தாள். "கோபமும் வந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். என்னை ஏமாத்திட்டு இந்தக் கிழவி கொறட்டை விடுதேன்னு இருந்துச்சு."

"திட்டு. நல்லாத் திட்டு."

"திட்டி என்ன? இப்ப அவரு வந்துட்டாரு, தூங்குறாரு. எனக்குத்தான் வரல. ரெண்டு மணிக்கு டாண்ணு முழிப்பு வந்துடுது. அப்புறம் அவரு மூச்சு விடுறாரான்னு பார்த்துக்கிட்டே கிடக்கிறேன்."

கேஸை மூடினேனா என்று நான் எழுந்து போய்ப் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. என் வியாதியை நான் இறக்கி வைத்தேன், அவள் தூக்கிக்கொண்டாள் என்று பட்டது. அப்படியெல்லாம் ஒட்டாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். மாத்திரை, ஆஸ்பத்திரி, பொம்மை எல்லாவற்றையும். "அந்த ரெண்டு மணியை நான்தான் உங்ககிட்ட கேக்காமலே உங்க பேருக்கு எழுதினேன்" என்றார். பிறகு, "பகல் பதினோரு மணி எடுத்துக்கிறீங்களா? குழம்பு கொதிக்கிற நேரம்னு யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே ஜெபிக்கிறேன்.

ஜாக்கெட் தைக்கிறவளை அதே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மருமகள் துணைக்கு வரவில்லை, பஸ் நம்பரை மட்டும் சொல்லி அனுப்பினாள். டாக்டர் என்னைப் பார்த்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லாயிருக்கேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இவளை முன்னால் தள்ளி, "இவளுக்குத் தூக்கம் போனதுக்குக் காரணம் நான்தான் டாக்டரம்மா" என்றேன். "அதை நான் சொல்றேன், நீங்க வெளிய உட்காருங்க" என்று அவளே என்னை அனுப்பிவிட்டாள்.

அவளுக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார். மருந்து இன்னும் கேட்கவில்லை. காலையில் பால் வாங்கும்போது தெருவில் பார்த்துக்கொள்கிறோம். நானாக ஒன்றும் கேட்பதில்லை. அவள்தான் கேட்பாள்.

"தூங்கினீங்களாக்கா?"

ஏதோ கொஞ்சம் என்று சொல்லிவிட வாய் துடிக்கிறது. ஒரு பொய் சொன்னது போதும்.

"தூங்கினேன்மா. நல்லாத் தூங்கினேன்" என்கிறேன்.

"ம். தூங்குங்க, தூங்குங்க" என்று பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.