எம்.எஸ்.வி. பிறந்தநாளும் கந்தையா அங்கிளின் கல்யாணமும்

“கல்யாணத் தேதி சொல்லுங்க அங்கிள்” என்று கேட்டேன். கனடா போகும் விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம் அது.

“எண்பத்திரண்டாம் ஆண்டு ஜூன் இருபத்திநாலு” என்றார் கந்தையா அங்கிள். “எம்.எஸ்.வி.யின்ர பிறந்தநாள். மறக்கேலாது.”

கணினியில் தட்டினேன். கூடவே உறுதிமொழிக் கடிதமும் தயார் செய்ய வேண்டியிருந்ததால் கிழமையையும் கேட்டேன்.

“புதன் இரவு.”

கம்ப்யூட்டரில் பழைய காலண்டரைத் திறந்து பார்த்தேன். “இருபத்திநாலு வியாழக்கிழமை வருது அங்கிள்.”

“ஓம். புதன் இரவுதான்.”

“வியாழன்னு இருக்கே.”

“பிள்ளை, விடியப்பறம் மூண்டரைக்குத் தாலி கட்டினது. சூரியன் வரும் மட்டும் புதன்தானே?”

“மூன்றரைன்னா வியாழன் ஆயிடுச்சே.”

“அது வெள்ளைக்காரனுக்கு.”

எதிர் மேசையில் ஏலக்காய் மாதிரிகளைப் பிரித்துக்கொண்டிருந்த முதலாளி சுஐபு பாய் தலையைத் தூக்கினார். கீழக்கரைக்காரர். “எங்களுக்குப் புதன்கிழமை பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொன்னாலே வியாழன் வந்துரும்ணே. நீங்க ரெண்டு பேரும் லேட்டு.”

கந்தையா அங்கிள் சிரித்தார். நான் கிழமையை விட்டுவிட்டு தேதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். 2005 மே மாதம் அது.

அந்த உரையாடலை இத்தனை வரிசையாக நான் நினைவு வைத்திருப்பதற்குக் காரணம், பிறகு பல நாள் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததுதான். எங்கே பிசகியது, நான் ஏதாவது தவறாகக் கேட்டேனா, காலண்டரைத் திறந்திருக்கக் கூடாதா என்று. இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

எங்கள் அலுவலகம் துபாயில் தேராப் பகுதியில், மசாலா சூக் என்ற சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் முதல் மாடியில் இருந்தது. மிளகு, சீரகம், ஏலம் மொத்த வியாபாரம். கந்தையா அங்கிள் கப்பல் பத்திரங்கள் பார்ப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது ஐம்பது தாண்டியிருந்தார். பர் துபாய்ப் பக்கம் ஐந்து பேரோடு ஒரு ரூமில் இருந்தார். தினமும் காலையில் அப்ரா படகில் ஏறிக் கடல்கழியைத் தாண்டி வருவார். நான் ஷார்ஜாவில் பிறந்தவள். பள்ளியில் ஆங்கிலமும் தமிழும் படித்தேன். வீட்டில் பேசுவதே குறைவு, அலுவலகத்தில் அதைவிடக் குறைவு. அவருடைய தமிழில் பாதி எனக்குப் புரிய முதல் ஆறு மாதம் ஆனது.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எத்தனை மூட்டை என்று எழுதுவதற்கு. அவர் காலையில் வந்ததும் அதை எழுதிவிட்டு, அடியில் இரண்டு விரற்கடை இடம் விட்டு, அன்றைய நாளுக்குரியதைப் பச்சை மையில் எழுதுவார். ஜனவரி ஆறு என்றால் ரகுமான் பிறந்தநாள். ஜனவரி பத்து ஜேசுதாஸ். ஜூலை இருபது மனிதன் நிலவில் இறங்கியது. டிசம்பர் இரண்டு என்றால் இந்த நாடு பிறந்தது, அதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில். இளையராஜாவுக்கு ஜூன் இரண்டு என்றும் மூன்று என்றும் சொல்கிறார்கள் என்பதால் இரண்டு நாளும் எழுதுவார். அக்டோபர் முப்பது அன்று தேதியை மட்டும் பச்சையில் எழுதிவிட்டு எதிரில் ஒன்றும் எழுதாமல் விடுவார். முதல் வருடம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் கேட்டேன். தொண்ணூற்றைந்தில் அன்றைக்குத்தான் ராணுவம் நெருங்கியதால் யாழ்ப்பாணம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு நடந்தது என்றார். மழை பெய்ததாம். பெட்டகத்தில் கல்யாணப் பத்திரம், படங்கள், காணி உறுதி எல்லாம் இருந்தன. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனார்கள். திரும்பியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டகமும் இல்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவர் மனைவி தவமணி கனடா போனார். கூட்டிப்போன ஏஜெண்ட் ஒருவரைத்தான் கொண்டுபோக முடியும் என்று சொல்லிவிட்டான். நீ போ, நான் பின்னால் வருகிறேன் என்று இவர் துபாய்க்கு வந்தார். பிள்ளைகள் இல்லை. தவமணிக்கு அங்கே வசிக்கும் உரிமை கிடைத்து, கணவரை அழைக்கும் தகுதி வருவதற்குள் எட்டு வருடம் போய்விட்டது. அந்த விண்ணப்பத்தைத்தான் நான் தட்டிக் கொடுத்தேன்.

பத்திரம் தொலைந்துவிட்டது. பதிவேட்டைத் தேடச் சொல்லி ஊருக்கு எழுதினார்கள். அந்த வருடத்துப் புத்தகம் சண்டையில் அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. ஆகவே இருவரும் தனித்தனியாக, இவர் இங்கிருந்தும் அவர் அங்கிருந்தும், எங்களுக்கு இன்ன நாளில் திருமணம் நடந்தது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள்.

செப்டம்பரில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் உறுதிமொழியில் ஜூன் 24 என்று இருக்கிறது, உங்கள் மனைவியின் உறுதிமொழியில் ஜூன் 25 என்று இருக்கிறது, திருமணம் உண்மையாக நடந்ததா என்பதில் எங்களுக்கு ஐயம் உள்ளது, அறுபது நாட்களுக்குள் விளக்கம் தரவும், இல்லையெனில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். ‘ஐயம்’ என்ற வார்த்தைக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினேன்.

“கள்ளக் கலியாணமாம்” என்றார். கப்பல் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு அங்கே போன் போட்டார். கனடாவில் அப்போது காலை. வலது காது அவருக்குக் கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நானும் சுஐபு பாயும் எழுந்து வெளியே போகப் பார்த்தோம். இருங்கோ என்று கையால் காட்டினார்.

தவமணி அன்ரி குரல் நான் நினைத்ததைவிட உறுதியாக இருந்தது. தான் எழுதியது சரி என்றார். “இஞ்சாருங்கோ, கலியாணத்துக்கெண்டு எனக்குத் தலையிலை பாலறுகு வைச்சுத் தோயவாத்த நாள் காலமை, பக்கத்து வீட்டு ரேடியோவிலை எம்.எஸ்.வி. பிறந்தநாள் எண்டு சொல்லிச் சொல்லிப் பாட்டுப் போட்டவை. ஈரத் தலையோட நிண்டு கேட்டனான். தாலி அதுக்கு அடுத்த விடியப்பறம். அப்ப இருபத்தைஞ்சுதானே?”

“இல்லையப்பா. தாலி கட்டி முடிஞ்சு, விடிஞ்ச பிறகு, நான் கிணத்தடியிலை முகம் கழுவேக்கை லவுட்ஸ்பீக்கரிலை ரேடியோவைப் பிடிச்சு விட்டவங்கள். அப்பதான் சொன்னது.”

“நீங்கள் அண்டைக்கு முழுக்க நித்திரை தூங்கினபடி இருந்தனீங்கள். ஐயர் ரெண்டு தரம் தட்டி எழுப்பினவர். உங்கட ஞாபகத்தை நம்பேலுமோ?”

சுஐபு பாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். இருவரும் சொல்வது ஒரே பிறந்தநாள்தான். அது ஜூன் 24 என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அங்கிள் சொல்வதுபோல் ரேடியோ தாலிக்குப் பிறகு என்றால் கல்யாணம் பஞ்சாங்கப்படி புதன் இரவு, இங்கிலீஷ் தேதிப்படி 24. அவர் மனைவி சொல்வதுபோல் ரேடியோ தாலிக்கு முன்னால் என்றால் பஞ்சாங்கப்படி வியாழன் இரவு, தேதி 25. இதைச் சுஐபு பாயிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, எங்கள் கணக்கில் போட்டால் இரண்டாவது கல்யாணம் வெள்ளிக்கிழமையில் விழும், நல்ல நாள், அதையே வைத்துக்கொள்ளச் சொல் என்றார்.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் கொண்டாவிலில் இருந்த ஐயருக்கு அங்கிள் போன் செய்தார். கல்யாணம் செய்துவைத்த ஐயர் இறந்துபோய் அவருடைய மகன் இருந்தார். பழைய பஞ்சாங்கங்களைப் பார்த்துவிட்டு, வாக்கியப்படி பார்த்தால் புதன் இரவும் திருக்கணிதப்படி பார்த்தால் வியாழன் இரவும் முகூர்த்தம் இருந்திருக்கிறது என்று சொன்னார். மாப்பிள்ளை வீடு எந்தப் பஞ்சாங்கம், பெண் வீடு எது, கடைசியில் யார் சொன்னபடி நடந்தது என்று கேட்டாராம். அது தெரிந்த இரண்டு தகப்பன்மாரும் இப்போது இல்லை. தவமணி அன்ரியின் தமையன் ஒருவர் நோர்வேயில் இருந்தார். அவருக்குக் கல்யாணத்தில் சாப்பிட்ட எட்டு வகைப் பலகாரமும் நினைவிருந்தது. நாள் நினைவில்லை.

அதற்குப் பிறகு பலகையில் பச்சை எழுத்து நின்றுபோனது. கப்பல் பெயரும் மூட்டைக் கணக்கும் மட்டும் எழுதினார். எம்.எஸ். சுப்புலட்சுமி காலமாகி வந்த முதல் பிறந்தநாள், செப்டம்பர் பதினாறு, எழுதப்படாமலே போனது. எனக்குத் தெரியும், நான் எழுதியிருக்கலாம். அது என் இடமில்லை என்று பட்டது.

“என்னண்ணே, இந்த மாசம் யாருமே பிறக்கலியா?” என்று சுஐபு பாய் கேட்டார்.

“பிறந்தவை” என்றார். “ஆனா எப்ப எண்டு எனக்கு இப்ப நிச்சயமில்லை.”

வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இருபது வருடமாகப் பாடகர்கள், இசையமைப்பாளர்கள் பிறந்த நாட்களை ஆணியாக அடித்து அவற்றில்தான் தன் வாழ்க்கையைத் தொங்கவிட்டிருந்தார் அவர். தகப்பனார் இறந்தது கே.வி. மகாதேவன் பிறந்தநாளுக்கு மறுநாள். துபாயில் இறங்கியது சுசீலா பிறந்தநாள். ஆணி அசையவில்லை; மாட்டியது அந்த ஆணியில்தானா என்பதுதான் குழப்பம். அல்லது அப்படியும் இல்லையோ, நான் வெளியிலிருந்து நினைத்துக்கொண்டேனோ.

அறுபது நாளில் நாற்பத்தொன்று போயிருந்தது. ஒரு வியாழக்கிழமை அவர் ஒரு புதிய உறுதிமொழிக் கடிதத்தோடு வந்தார். கராமாவில் வேறொருவரிடம் தட்டச்சுச் செய்து, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, காலையிலேயே கூரியரில் அனுப்பிவிட்டு நகலை என்னிடம் காட்டினார். நான் முன்பு தவறுதலாக 24 என்று எழுதிவிட்டேன், திருமணம் நடந்தது ஜூன் 25, என் மனைவி சொன்னதே சரி என்று இருந்தது.

“உண்மையிலேயே இருபத்தைஞ்சா அங்கிள்?” என்று கேட்டேன்.

“எனக்கு இருபத்திநாலுதான். ஆனா அவவைப் பொய்காரி எண்டு நினைச்சால் அங்கை அவவுக்கும் பிரச்சினை வருமெல்லோ. என்ரை தலையிலை போட்டால் போச்சு.”

என்னிடம் ஏன் தட்டச் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீர் மறுபடியும் காலண்டரைத் திறப்பீர் என்று சொல்லியிருப்பார்.

அன்று மாலை தவமணி அன்ரியே போன் செய்தார். குரல் மிகவும் லேசாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்றார். முந்தாநாள் வக்கீலிடம் போய்ப் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். என் நினைவு தவறு, என் கணவர் சொன்னபடி திருமணம் ஜூன் 24 என்று.

சுஐபு பாய் கையிலிருந்த ஏலக்காயைக் கீழே வைத்தார்.

“இஞ்சாருங்கோ, கேக்குதோ?” என்றார் அன்ரி.

“கேக்குது” என்றார் கந்தையா அங்கிள். “நானும் இண்டைக்கு எழுதி அனுப்பிப்போட்டன். நீ சொன்ன இருபத்தைஞ்சு எண்டு.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கிறார் என்று சுஐபு பாய் பிறகு அடித்துச் சொன்னார். எனக்கு இரண்டும் போலவே இருந்தது. கந்தையா அங்கிள், சரியப்பா, சரியப்பா என்று நான்கைந்து முறை சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அவருக்கு விசா கிடைத்ததா என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2006 மே மாதம் கிடைத்தது. எந்தத் தேதியை ஒப்புக்கொண்டார்கள் என்று அதில் இல்லை. இருவருக்கும் தனித்தனியாகப் பேட்டி வைத்தார்கள். கல்யாணம் என்றைக்கு என்று அதிகாரிகள் கேட்கவே இல்லையாம். கல்யாணத்தில் யார் தூங்கினார் என்று தவமணி அன்ரியிடம் கேட்டார்களாம். இது அன்ரியே வேடிக்கையாகச் சொன்னதா, நடந்ததா என்று எனக்குத் தெரியாது. அதிகாரிகளுக்கு அந்தக் கதை எப்படித் தெரியும் என்றால், நான் அனுப்பிய கடிதத்தில் அது இருந்தது.

அந்தக் கடிதத்தை எட்டு நாளில் ஆறு முறை எழுதினேன். நாள் சூரியன் வந்தால்தான் மாறும் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சாக்குச் சொல்வதுபோல இருந்தது. ஒரே ரேடியோ ஒருவருக்கு முந்தியும் ஒருவருக்குப் பிந்தியும் கேட்டதை எழுதினால் இரண்டு பேரும் பொய் சொல்வதுபோல இருந்தது. சுஐபு பாயின் மூன்றாவது கணக்கை ஒருமுறை சேர்த்து, பயந்து, எடுத்துவிட்டேன். இரண்டு மொழியும் படித்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த எட்டு நாளும் இரண்டும் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தேன். கந்தையா அங்கிள் என்னிடம் கேட்டது என்னவோ பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த வியாழக்கிழமை, போனை வைத்த பிறகு, அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அதுவரை அவர் என் மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்ததில்லை. பத்திரங்களைச் சுஐபு பாய் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்.

“பிள்ளை, மூண்டாவதா ஒரு கடிதம் நீர் எழுதித் தாரும்” என்றார். “தேதி ஒண்டும் போடாதேயும். நடந்ததை நடந்தபடி எழுதும். நான் நித்திரை தூங்கினதையும் எழுதும், பறவாயில்லை. ஆனா தவமணி பொய் சொல்லேல்லை எண்டதை மட்டும் முதல் வரியிலை போடும்.”