மண்சோறும் முப்பத்தொரு விருந்தாளிகளும்

அன்பர்களே, என் வயிற்றைப் பற்றிச் சொல்லப்போகிறேன். சாமி காரியத்தில் வயிறு எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். மாரியம்மன் என்னை மனிதனாக்கியது அந்த வழியில்தான்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. குன்றாண்டார்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர். சாப்பாட்டில் என்னை அடிக்க ஆளில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காருவேன். சட்டையை மாற்றிக்கொண்டு கடைசிப் பந்தியிலும் உட்காருவேன். உடம்பு மட்டும் சோளத்தட்டை.

"மாப்ள, திங்கிற சோறெல்லாம் எங்கிட்டுடா போவுது?" என்பான் மச்சான் கருப்பையா.

"மூளைக்குப் போவுது மச்சான்."

எவ்வளவு பெரிய பொய் என்று பின்னால் தெரிந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மாசி மாதம் வலி வந்தது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும். கண்பட்டுவிட்டது என்று ஆத்தா மிளகாய் சுற்றிப் போட்டது. அடங்கவில்லை. என் மனைவி செல்லம்மாளுக்கு அப்போது எட்டு மாதம். நான் போட்ட கூச்சலில், பிரசவம் யாருக்கு என்று அக்கம்பக்கத்தார் குழம்பிப்போனார்கள்.

'தாயே, வலி நின்றால் உன் சன்னதியில் மண்சோறு தின்கிறேன்' என்று நேர்ந்துகொண்டேன். பாருங்கள், வேண்டுதலிலும் சோறு! இரண்டு நாளில் வலி நின்றது. உடனே போய், கோயில் வாசலில் வெறுந்தரையில் சோற்றைக் கொட்டச் சொல்லி, மண்ணோடு அள்ளித் தின்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

"இது நேர்த்திக்கடன்யா, விருந்தில்ல" என்றார் பூசாரி.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வயிறு பானையாக உப்பியது. வாந்தியில் ஒரு பூச்சி வந்து விழுந்தது. வெளுத்த மண்புழு மாதிரி, ஒரு சாண் நீளம். நெளிந்தது. கடனைச் செலுத்தியவனுக்கு இதுவா கூலி என்று அம்மன்மேல் கோபப்பட்டேன். பிறகு பயந்தேன்.

வண்டி கட்டிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"குடல்ல பூச்சிங்க பந்தாச் சுருண்டு அடைச்சிருக்கு. மருந்து தர்றேன். நாளைக் காலைக்குள்ள எறங்கலைன்னா வயித்தத் தொறக்கணும். உங்க ஒடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது."

செல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, ஏதாச்சும் நேர்ந்துக்கங்க."

ஒன்றும் தோன்றவில்லை. பேரம் பேசியே பழகியவன், முதல்முறையாகச் சும்மா அழுதேன். 'தாயே, என் பிள்ளை முகத்தை மட்டும் பார்க்கவிடு.' அவ்வளவுதான் சொன்னேன்.

காலை வெயில் ஜன்னலில் விழும் நேரம், அடைப்பு இறங்கியது. நர்சம்மா எண்ணியே விட்டார்.

"முப்பத்தொண்ணு! ஒத்த ஆளா இத்தன பேருக்குச் சோறு போட்டிருக்கீங்களே!"

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "வெளிக்குப் போற எடத்து மண்ணுல இதோட முட்டை கெடக்கும். கழுவாத கையி, கழுவாத காய் வழியா உள்ள போயிரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொல்லையில் கிழங்கைப் பிடுங்கி வேட்டியில் துடைத்துத் தின்ற வாய் இது. அது போதாதென்று, நோய் எந்த மண்ணில் இருந்து வந்ததோ அந்த மண்ணையே மருந்தாக நேர்ந்துகொண்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா ஆரம்பித்தது. "பொழச்சு வந்திருக்கே. மறுபடியும் மண்சோறு தின்னுருடா."

பூச்சிக்குப் பயப்படுவதா, சாமிக்குப் பயப்படுவதா? பூசாரிதான் வழி சொன்னார். "எலையில திங்கலாமான்னு பூக் கேட்டுருவோம். வெள்ள வந்தா சரி, செவப்பு வந்தா தரைதான்." இரண்டு பூக்களையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

"அவளுக்குத் தெரியாததா உன் வயிறு?" என்றார். கைகழுவி, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்ணீர் உப்பில் குழம்பு ருசி தெரியவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்குப் பின்னால் கக்கூஸுக்குக் குழி வெட்டினேன். "மாப்ள பொதையல் தேடுறாப்லயா?" என்று கருப்பையா ஊரையே கூட்டினான். இரண்டு வருடத்தில் அவனும் வெட்டினான்.

பங்குனியில் மகள் பிறந்தாள். ஆவலோடு கையை நீட்டினேன். "மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க!" என்று உள்ளிருந்து செல்லம்மாளின் அதட்டல். ஓடிப்போய் இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து வாங்கினேன்.

அன்பர்களே, தாயிடம் பேரம் பேசாமல் கேளுங்கள். வண்டி கட்டவும் தயங்காதீர்கள். டாக்டரின் கையிலும் அவளே இருக்கிறாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அது அன்று என் கையில் கண்விழித்து, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.