காப்பு அவிழ்க்காத நாட்கள்

என் கணவர் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, "நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?" என்பதுதான். கச்சா எண்ணெய் என்றால், "அதுல பலகாரம் சுட முடியாதா?" என்பார்கள். அவரும் சளைக்காமல், "சுடலாம், திங்கிற ஆளுதான் இருக்க மாட்டான்" என்பார். கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக்காட்டையும் குளத்தையும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லாத ஊர் எங்களுடையது. அங்கே பிறந்தவர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, துபாய் வேலைக்காக ஏஜெண்டைப் பார்க்கப் போன இடத்தில் கப்பலுக்கு ஆள் எடுப்பதைக் கேள்விப்பட்டுத் தடம் மாறிப்போனார். கடைசியில் பம்ப்மேன் ஆனார். கப்பலில் எண்ணெய் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பம்புகளையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்கிற வேலை.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில்தான் மெஷின். லீவில் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் தைத்துக் கொடுப்பார். ஊர்ப் பெண்களுக்கு அது தெரிந்தால் வெட்கத்தில் செத்தே போவார்கள் என்று நான் மூச்சுவிட்டதில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால், "கொஞ்சம் மிதிச்சுக்கிட்டே இரேன்" என்பார். இன்ஜின் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவருக்குச் சத்தமில்லாத வீட்டில் கண் மூடாது. தைக்கத் துணி இல்லாத நாட்களில் வெறும் மெஷினை மிதித்து அவரைத் தூங்க வைத்திருக்கிறேன். அவர் கப்பலுக்குத் திரும்பிப் போனதும் அதே மெஷின் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். யாருக்காக மிதிக்கிறோம் என்று தோன்றும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவருக்கென்று இருந்தது நானும், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அவருடைய அண்ணனும்தான். அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

அந்தப் பங்குனியில் எங்கள் அம்மனுக்குத் திருவிழா. முதல் மரியாதை யாருக்கு என்கிற தகராறில் சில வருடங்களாக நின்றுபோயிருந்த திருவிழா, ஒருவழியாகப் பேசி முடிவாகியிருந்தது. அரபு நாடுகளில் இருக்கிறவர்கள் எல்லாம் லீவு எடுத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்கள். இவர் மட்டும் அதற்குச் சற்று முன்னால்தான் கப்பலேறியிருந்தார். "காப்புக் கட்டுறவரைக்கும் இருங்களேன், அப்பறம் ஊரே ஒங்கள விடாது" என்று நான் கெஞ்சியது உண்மை. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் தங்கக் கூடாது. வீடுகளில் எண்ணெய் ஊற்றித் தாளிக்கக் கூடாது. ஊருக்காகக் காப்புக் கட்டிக்கொள்கிற ஆள் எல்லையையே தாண்டக் கூடாது. கோயிலிலேயே கிடக்க வேண்டும். அந்த உரிமை எங்கள் குடும்பத்துக்கு உரியது. மாமா கையில் மஞ்சள் துணியைக் கட்டி, கொட்டு அடித்து, திருவிழாவைத் தொடங்கினார்கள்.

மறுநாளே போன் வந்தது. நான் ஒரு பட்டு ஜாக்கெட்டின் கழுத்தோரத்துக்குப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியின் சென்னை ஆபீசிலிருந்து ஒரு பையன் பேசினான். விடியற்காலையில் வேறொரு கப்பல் இவர்கள் கப்பல்மேல் மோதிவிட்டதாம், தீப்பிடித்துவிட்டதாம், பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிட்டார்களாம். "சார் மட்டும் மிஸ்ஸிங்ல இருக்கார் மேடம். இன்னும் சில பேரும்" என்றான். "மிஸ்ஸிங்னா எப்படித் தம்பி? கப்பல்ல எங்கிட்டுப் போயிருப்பாரு?" என்று கேட்டேன். சந்தைக்குப் போனவரைத் தேடுவதுபோல நான் கேட்டதற்கு, தகவல் தெரிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி அவன் போனை வைத்துவிட்டான். கப்பல் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு என் போனில் அவர் ஒரு மேப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் சிவப்பு அம்புக்குறியாக அவருடைய கப்பல் தெரிந்தது. அசையாமல் ஒரே இடத்தில் நின்றது.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே புரிந்தது. அவர் இல்லை என்றாகிவிட்டால் அண்ணனுக்குத் தீட்டு. மாமா கையிலிருக்கும் காப்பை அவிழ்க்க வேண்டும், கோயிலைச் சாத்த வேண்டும், திருவிழா திரும்பவும் நின்றுபோகும். நாட்டாமைக்காரர்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"ஆத்தா, கம்பெனிக்காரன் என்னதான் சொன்னான்?"

"காணோம்னு சொன்னாங்க."

"இல்லேன்னு சொல்லலைல்ல?"

"சொல்லலைங்க."

"அப்பறம் என்ன? காணோம்னா காணோம்தான். எங்கிட்டாச்சும் கரையேறியிருப்பான். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்திருப்பேன். என் புருஷன் உயிரா உங்கள் திருவிழாவா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு ஊரே சேர்ந்து அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டுப் போகிறது. அதை மறுத்துச் சொல்ல எனக்கு மட்டும் என்ன அவசரம்? கோபம் போய் நன்றியே வந்துவிட்டது.

அதற்கப்புறம் வந்த நாட்களைப்போல வேறெந்த நாட்களையும் நான் வாழ்ந்ததில்லை. யாரும் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை. என் தாலியின் மேல் யார் கண்ணும் போகவில்லை. மாமாவின் மனைவி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு லேசாகக் கண்ணைத் துடைத்தாலும், "அழுவாதீங்கடி, காப்புக் கட்டுன ஊரு" என்று தெருவிலிருந்து யாராவது அதட்டுவார்கள். நானும் அழவில்லை. ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன, தைத்தேன். முளைப்பாரி தூக்கினேன். எங்கள் ஊரில் அதைக் கன்னிப் பெண்களும் சுமங்கலிகளும்தான் தூக்குவார்கள். என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். முந்திரிப்பழ வாசனை அடித்த தெருவில் கும்மிப்பாட்டுக்கு நடுவே நடந்தபோது, அவர் ஏதோ ஒரு கரையில் ஈரத்துணியோடு உட்கார்ந்து, பாஷை தெரியாதவர்களிடம் சைகையில் சோறு கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க அது நிஜமாகிக்கொண்டே வந்தது. அவருக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்பதுவரை போய்விட்டேன். அவரைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை பசியைப்போல வயிற்றிலேயே இருந்தது.

திருவிழா முடிகிற நேரத்தில் சென்னைப் பையன் திரும்பவும் போன் செய்தான். கடலிலிருந்து சில உடல்களை எடுத்திருக்கிறார்கள் என்றான். தீயில் கருகியிருப்பதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கூடப்பிறந்தவர் யாராவது சென்னைக்கு வந்து ரத்தம் கொடுத்தால் ஒத்துப்பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். நான் கோயிலுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "காப்போட எல்லை தாண்ட முடியாதுத்தா. அவுத்த பின்னாடி போறேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் நீராட்டு முடிந்தது. அன்றைக்கே காப்பு அவிழ்க்க வேண்டும். மாமா, நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் லேசாகத் தூறல் விழுந்தது. சகுனம் சரியில்லை என்றார். அதற்கடுத்த நாள் காரணம்கூடச் சொல்லவில்லை. பூசாரி வந்து வந்து நின்றுவிட்டுப் போனார். ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது. லீவு முடிந்தவர்கள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போக முடியாமல் கிடந்தார்கள். தாளிக்காத குழம்பைத் தின்று தின்று நாக்கு செத்துப்போச்சு என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். கடைசியில் அன்றைக்கு வந்த அதே ஆட்கள் என் வாசலுக்கு வந்தார்கள். இந்த முறை நாட்டாமைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருத்தா" என்றார். அவ்வளவுதான்.

நான் கோயிலுக்குப் போனேன். மாமா தூணில் சாய்ந்து, காப்புக் கட்டிய கையை மறு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்து, ஒரே வேளைச் சோற்றில் வற்றிப்போய், பார்ப்பதற்கு அவர் தம்பி மாதிரியே இருந்தார்.

"அவுத்திருங்க மாமா."

"அவுத்தா நான் போகணும்த்தா. போயி ரத்தம் குடுக்கணும். குடுத்தா அவனுங்க சொல்லிப்புடுவானுங்க" என்றார். "இது கையில இருக்குறவரைக்கும் என் தம்பிக்கு ஒண்ணுமில்ல."

அவரும் என்னைப்போலவே நாட்களைக் கடத்திக்கொண்டிருந்திருக்கிறார். நேரம், தூறல், சகுனம் எல்லாமே அதற்குத்தான். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் மாமா என்று சொல்லத்தான் உள்ளூர ஆசை. வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஆனால் இங்கே நாங்கள் அவரை உயிரோடு வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும், அங்கே யாரோ ஒருவர் பேரில்லாமல், ஊரில்லாமல், கேட்க நாதியில்லாமல் கிடக்கிறார். அது அவராக இருந்தால்?

"அங்க அவரு யாருன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல மாமா. ஊரு பேரு தெரியாமக் கெடக்குறாரு. எனக்கு அவரு வீட்டுக்கு வந்தாப் போதும். எப்படி வந்தாலும் சரி. நீங்க போயிக் கூட்டியாந்துருங்க."

மாமா பூசாரியைப் பார்த்துக் கையை நீட்டினார். காப்பு அவிழ்க்கும்போது கொட்டு அடிக்க வேண்டும் என்பது முறை, அடித்தார்கள். பூசாரி முடிச்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். கொட்டுச் சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. கொட்டு நின்ற பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. அழாதே என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை.