எனக்கு முன்னால் போன என் பெயர்

டோர்ட்மண்டில் நான் வந்திறங்கிய அன்று, கீழ்வீட்டு ஜேர்மன் மூதாட்டி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, கொஞ்ச நாளாக உங்கள் சத்தத்தையே காணவில்லை?" என்று கேட்டார். விசாவுக்கான மொழிப் பரீட்சைக்குப் பாடமாக்கிய என் அரைகுறை ஜேர்மனுக்கே அது விளங்கியது. பயணக் களைப்பில் பிழையாகக் கேட்டிருப்பேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் வாசல் மணிக்குப் பக்கத்தில் கணவரின் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. வெயில் பட்டு மங்கிப்போயும் இருந்தது.

எல்லாம் என் கணவரின் அவசரப் புத்தி. கலியாணம் முடித்துத் திரும்பிய கையோடு, என்னைக் கூப்பிட இங்கேயுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார். சம்மதக் கடிதம் வந்ததும் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சரும், விசா வந்திட்டுது. ஜேர்மனி ஓமெண்டு சொல்லிப்போட்டுது. பெட்டியைக் கட்டும்."

கட்டினேன். மிளகாய்த்தூள் இடித்து, அயலுக்கெல்லாம் பயணம் சொல்லி, அழுதும் முடித்தேன். கொழும்பில் தூதரகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

"அக்கா, இது நீங்கள் வாறதுக்கு அந்த ஊர் அலுவலகம் குடுத்த சம்மதம். விசா இல்லை. விசாவுக்கு நீங்கள் இனித்தான் எங்களிட்டை விண்ணப்பிக்கோணும். அது பாஸ்போர்ட்டிலை ஏறாமல் நீங்கள் பிளேன் ஏறேலாது."

சின்ன வயதில் முறிந்த இடது காலை இழுத்து இழுத்து வெளியே வந்தேன். ஜேர்மனி என் பெயருக்குச் சம்மதம் சொல்லிவிட்டது, எனக்குச் சொல்லவில்லை. உண்மையான விசா கைக்கு வரும்வரை, வெட்கத்தில் மாதக்கணக்காக ஒழுங்கையில் தலைகாட்டவில்லை.

அதற்குள் கணவர் மணியில் என் பெயரை ஒட்டி, எனக்கென்று வாங்கிய செருப்பையும் கதவுக்கு வெளியே தன் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் மணியில் பெயர் இருந்தால் ஆள் குடிவந்தாயிற்று என்று அர்த்தம். கீழ்வீட்டு மூதாட்டி கேட்டபோது, "ஓம், மனைவி வந்துவிட்டாள்" என்றும் சொல்லிவிட்டார். பிறகு பெயரைக் கழற்றினால் மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைப்பார்களே என்று அப்படியே விட்டுவிட்டார். மானம் பெரிது அல்லவா அவருக்கு!

நான் வந்து சில நாள் கழித்து, எங்கள் முறைக்கு மாடிப்படி கழுவிக்கொண்டிருந்தேன். மூதாட்டி வந்து நின்றார். பகலில், கணவர் வேலைக்குப் போன பிறகு, தான் குசினியில் சமைக்கும்போது மேலே ஒரு பெண் செருப்போடு நடப்பது கேட்கும் என்றார். இப்போது ஏன் அந்தச் சத்தம் கேட்பதில்லை, சுகமில்லையா என்றும் அன்பாக விசாரித்தார். நான் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவள்.

நான் அங்கே ஜேர்மன் சொற்களோடு மாரடித்துக்கொண்டிருக்க, இங்கே என் குசினியில் எவளோ உலாவியிருக்கிறாள். கணவரைச் சப்பாத்துக் கழற்றவும் விடவில்லை.

"ஆரவள்?"

"எவள்?"

"பகலிலை இஞ்சை நடந்தவள்!"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மாளாச்சியாணை ஒருத்தியும் இல்லை. அந்த மனிசி எனக்கும் சொன்னதுதான். வயசு போன மனிசியெண்டு விட்டிட்டன்."

நான் நம்பவில்லை. ஊரிலிருந்து போட்டுவந்த பழஞ்செருப்போடே திரிந்ததால், அவர் வாங்கி வைத்த செருப்பை நான் தொட்டதே இல்லை. அவள் அதையும் போட்டிருப்பாள் என்று ஓடிப்போய் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

வலது செருப்பின் அடி புதிது போல இருந்தது. இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது. என் பழைய இடது செருப்பை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். அதே இடம், அதே சாய்வு.

கோபம் எங்கே போனதோ தெரியாது. வேறொருத்தியாக இருந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துத் துரத்தியிருப்பேன். மணியில் ஏறிய என் பெயரோடு குடிவந்த இவளை எப்படித் துரத்துவது?

மணியில் மங்கிய என் பெயரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒட்டுவோம் என்று கணவர் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்கு வேறு செருப்பு வாங்கிக்கொண்டேன், அந்தச் சோடியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் வெளியே கிடக்கும் இரண்டு சோடிப் பெண் செருப்பையும் பார்த்து, இங்கே எத்தனை பேர் என்று கேட்பதுண்டு. இரண்டும் என்னுடையதுதான் என்று சொல்கிறேன்.