தொடாத தாம்பாளம்

வளைகுடாவில், ரோலாவில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கீழே யாரோ ஏலக்காய் போட்டுக் காபி காய்ச்சுகிறார்கள். அந்த வாசனை வந்தால் இன்னும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

எழுபதுகளில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அல் ஐன் போகும் பாலைவன வழியில் எங்கள் கார் மணலில் புதைந்தது. பொழுது சாயும் நேரம். ஒட்டகம் மேய்க்கும் பெரியவர் ஒருவர் அப்பாவையும் என்னையும் பக்கத்திலிருந்த தன் கூடாரத்துக்கு அழைத்துப்போய், ஏலக்காய்க் காபி கொடுத்து, தாம்பாளம் நிறையச் சோறும் ஆட்டுக்கறியும் வைத்தார். அவர் உட்காரவில்லை. தோளில் துப்பாக்கியோடு வாசலில் நின்று எங்களையே பார்த்தார்.

"அவன் ஏன்டா சாப்பிடல? எதையோ கலந்திருக்கான். தொடாதே," என்றார் அப்பா, உதடு அசையாமல்.

"குல், குல்," என்று பெரியவர் சாப்பிடச் சொல்லிச் சிரித்தார். நான் வயிற்றுவலி என்று அழுதேன்.

"பச்சா பீமார், பாய்! யல்லா," என்று, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கிளம்புகிறோம் என்பதை அரைகுறை மொழியில் சொல்லி அப்பா எழுந்துவிட்டார். பெரியவரின் முகம் வாடியது. ஆனாலும் வந்து காரைத் தள்ளிவிட்டார்.

கூடாரத்தைவிட்டு வெளியேறும்போது நான் திரும்பிப் பார்த்திருந்தேன். உள்ளே தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய பிள்ளைகள் ஓடிவந்து, அதே தாம்பாளத்தில் அள்ளி அள்ளித் தின்றார்கள். விருந்தாளிகள் முடிக்கட்டும் என்று அதுவரை பசியோடு காத்திருந்திருக்கிறார்கள்.

அப்பா கடைசிவரை அதைக் கொள்ளைக்காரனிடமிருந்து தப்பித்த கதையாகவே சொன்னார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவேயில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் அந்தக் கதையைத்தான் சொன்னேன், பெரியவர் கையில் ஒரு கத்தியையும் கொடுத்து.