கண்ணாயிரம் கண்ட ஏரி

அடி அண்ணாமலையில் கண்ணாயிரத்தைத் தெரியாதவர்கள் கிரிவலம் வருகிற வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். நீரோட்டம் பார்க்கிறவன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அடுத்தவன் நிலத்தில் மாப்பிள்ளை நடை நடப்பான். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர் என்பான். வந்தால் அவன் கைராசி. வராவிட்டால் நிலத்துக்காரன் வீட்டுத் தீட்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தொழிலாகவே நடத்தினான். நான் அவனுக்குப் பக்கத்து வீடு. எனக்கு அவனை அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது.

அவன் கொல்லை மட்டும் காய்ந்து கிடந்தது. நீரோட்டம் பார்ப்பவன் தன் நிலத்துக்குத் தானே பார்க்கக்கூடாது, ஆசையில் கை பொய் சொல்லும் என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. இன்னொருவனைக் கூப்பிடக் கௌரவம் விடவில்லை. அதனால் அவன் மனைவி கன்னியம்மாள் எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்துப்போய்த் தன் பசுவுக்குக் காட்டினாள். கன்றுக்குட்டியிலிருந்து அவள் வளர்த்த பசு. அதன் பாலை டீக்கடைகளுக்கு ஊற்றித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

போன சித்திரையில் அவன் கொல்லையை ஒட்டி யாரோ லாட்ஜ் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். ஆள் ஆழத்தில், சாம்பல் நிறக் களிமண்ணில், வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். நம் ஜனங்களுக்குக் கேட்க வேண்டுமா? பிரளயத்தில் கடல் வந்த அடையாளம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கை அள்ளிப் போனார்கள்.

சென்னையில் நிலவியல் ஆராய்ச்சி செய்கிற கீழ்பென்னாத்தூர்ப் பெண் சிந்துஜா கேள்விப்பட்டு வந்து பள்ளத்தில் இறங்கினாள்.

"இது கடல் நத்தை இல்லீங்க. நல்ல தண்ணி நத்தை. வருஷம் பூரா வத்தாத தண்ணியிலதான் இருக்கும். மேல இருக்கற மண்ணுல ஒண்ணுகூட இல்ல பாருங்க."

"அப்ப இங்க ஏரி இருந்துச்சாம்மா?" என்றான் கண்ணாயிரம்.

"இருந்திருக்கும். லட்சம் வருஷத்துக்கு முன்னாடிங்க. ரெண்டு பனி யுகத்துக்கு நடுவுல பூமி சூடாகி, மழை ஜாஸ்தியா பேஞ்ச காலமா இருக்கும்னு நெனைக்கறோம். நத்தை ஓட்டைச் சோதிச்சாதான் உறுதியாத் தெரியும். அப்புறம் மழை கம்மியாயி ஏரி தூந்து போயிருக்கும்."

இத்தனை பேச்சில் அவன் காதில் விழுந்தது ஏரி ஒன்றுதான். லட்சம் வருஷம் அவனுக்கு நேற்று மத்தியானம்.

"கை பொய் சொல்லும். நத்தை சொல்லுமா?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். தொழில் கட்டுப்பாட்டையும் மீறவில்லையாம். தண்ணீர் பார்த்தது அவன் இல்லை, நத்தையாம். சிந்துஜா அவன் வீட்டுக்கே வந்து, "ஐயா, அது அந்தக் காலத்து மழைக்குத்தான் சாட்சி. இப்ப அடியில தண்ணி இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க" என்று சொன்னாள்.

"நீதானேம்மா ஏரின்னு சொன்ன?" என்று அவளையே மடக்கினான். படித்த பெண் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கொல்லையில் ஆழ்குழாய்க் கிணறு போட முடிவு கட்டினான். போர் வண்டிக்குப் பணம் வேண்டும். கன்னியம்மாள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தண்ணி வரட்டும், ரெண்டு மாடா வாங்கித் தரேன்டி" என்று சொல்லி, மேலத்தெரு ஜோதியம்மாளுக்குப் பசுவை விற்றான். பாவி.

ரபீக் பாயின் போர் வண்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் கொளுத்தி, இறக்கினார்கள். களிமண் வந்தது, நத்தை வந்தது. கண்ணாயிரம் கல்யாண வீட்டுச் சம்பந்தி போல எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். அப்புறம் பாறை. வெள்ளைப் புழுதி எழும்பி அவன் எண்ணெய்த் தலையில் மாவு போல அப்பியது.

"அண்ணே, வெறும் பொகைதான் வருது. நிறுத்திடட்டா?" என்றார் ரபீக்.

"ஏரி கீழ இறங்கியிருக்கும் பாய். இன்னும் போங்க!"

பொழுது சாயும்வரை போனார்கள். ஈரம்கூட வரவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

மறுநாள் காலையில் வெட்கமே இல்லாமல் வாசலில் உட்கார்ந்து நாலு பேருக்கு வியாக்கியானம் பண்ணிக்கொண்டிருந்தான். "ஏரி இருந்தது நெஜம். நாமதான் கொஞ்சம் லேட்டா வந்துட்டோம்." எல்லாரும் சிரித்தோம்.

கன்னியம்மாள் டம்ளரோடு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஜோதியம்மா வூட்ல பால் வாங்கிக்கினு வந்தேன். நம்ம பசுவோட பாலு. காசு குடுத்து வாங்கினேன். இந்தா, டீ ஆறிடப் போவுது, குடி."

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாயிரம் டம்ளரை வாங்கி, ஊதி ஊதி, அடிவரைக்கும் குடித்தான். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றான்.