கூரோவுக்குச் சொன்ன சேதி

தண்ணீர்மலையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் சாப்பாட்டுக்கடை. பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெரியவர் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அவருடைய நாய் கூரோ அங்கே காத்திருக்கும். அவர் ஆஸ்பத்திரியில் இறந்த பிறகும் அது காத்திருந்தது.

"மீன் வெச்சாலும் தொட மாட்டேங்குதுலா," என்றார் என் கணவர்.

ஜப்பானிலிருந்து பெரியவரின் மகள் வந்தாள். அப்பாவின் சட்டையில் சுற்றிய அஸ்திக் கலசத்தைக் கூரோவின் முன் வைத்து, தரையில் மண்டியிட்டுத் தலைதாழ்த்தி ஏதோ பேசினாள்.

"என்னம்மா சொன்னே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அப்பா இறந்துட்டார்னு சொன்னேன். எங்க நாட்டுல இப்படிக் காத்திருந்தே செத்த நாய்க்கு ரயில் நிலையத்துல சிலை இருக்கு. இதுவும் அப்படிச் சாகக் கூடாது."

கூரோ சட்டையை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு எழுந்து அவள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தது.

அத்தனை நாளும் நாங்கள் சோறும் தண்ணீரும் வைத்தோம். அதனிடம் துக்கம் விசாரிக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.